'ம்' என்று எந்த வரி தொடங்கும்? இணையத்தை வைத்துக் கவிதை எழுதச் சொல்லித் தர வழி கேட்கிறேன்

பிறை டீச்சர் (பினாங்கு):

எல்லாருக்கும் வணக்கம். பிறைப் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 5-க்குத் தமிழ் எடுக்கிறேன். வகுப்பில் 17 பேர். இத்தனை வருடத்தில் இலக்கணம் நடத்தியிருக்கிறேன், கட்டுரை திருத்தியிருக்கிறேன், கவிதை ஒப்புவிக்கும் போட்டிக்குப் பிள்ளைகளுக்குக் கைச்சாடை எல்லாம் சொல்லிக் கொடுத்துக் கூட்டிப் போயிருக்கிறேன். கவிதை எழுதச் சொல்லிக் கொடுத்தது மட்டும் கிடையாது. ஒப்புவிப்பதற்கும் எழுதுவதற்கும் சம்பந்தமே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

இந்த ஆண்டு தலைமையாசிரியர் கூப்பிட்டு, "வியாழக்கிழமை ஒரு மணி நேரம் கணினி அறை சும்மாதான் கிடக்கு டீச்சர். பிள்ளைகள் இணையத்தைப் பார்த்துக் கவிதை எழுதட்டும். வருடக் கடைசியில் சின்னதா ஓர் இதழ் போட்டுடலாம்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். கணினி அறையில் இருப்பது 11 கணினிகள். ஓடுவது 8.

முதல் வாரம் என்ன நடந்தது தெரியுமா? ஆங்கிலத் தளம் ஒன்றில் அழகான பணித்தாள் கிடைத்தது. ஒரு சொல்லை மேலிருந்து கீழாக எழுத வேண்டும், ஒவ்வோர் எழுத்திலும் ஒரு வரியைத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். நானும் படம் எல்லாம் ஒட்டித் தமிழில் மாற்றி, 17 நகல் எடுத்துக்கொண்டு போனேன். வெண்பலகையில் 'அம்மா' என்று கீழ்நோக்கி எழுதினேன். அ. ம். மா.

'அ'வுக்கு எல்லாக் கையும் மேலே. அன்பு, அழகு, அமுதம். அடுத்து 'ம்'. வகுப்பே அமைதி. கடைசி வரிசைப் பையன் ஒருத்தன் எழுந்து, "ம்ம்ம்... இன்னிக்கு என்ன சமையல்?" என்றான். சிரிப்பு அடங்கவே ஐந்து நிமிடம் ஆனது. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எழுதப்பட்டதில் அதுதான் நல்ல வரி.

நான் விடவில்லை. 'அம்மா'வை அழித்துவிட்டு 'வானவில்' என்று எழுதினேன். வா, ன, வி, ல். அதையும் அழித்துவிட்டு 'நிலவு'. நி, ல, வு. மொழிமுதல் எழுத்துகள் எவை என்று அதே பிள்ளைகளுக்குப் போன மாதம் பாடம் நடத்தியவள் நான்தான்! முன்வரிசைப் பெண் மெதுவாக, "டீச்சர், 'வு'வில எந்தச் சொல்லும் தொடங்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டபோது எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

இரண்டாம் வாரம் ஓசை. கடைசிச் சொல் ஒத்து வர வேண்டும் என்று சொல்லி, தேடுபொறியில் சொல் தேட விட்டேன். ஆசை, ஓசை, பூசை, மீசை, தோசை கிடைத்தன. 17 கவிதையில் 12-இல் தோசை வந்தது. "மீசை வைத்த தோசை, அதற்கு என்ன ஆசை" என்று ஒன்று. மற்ற ஐந்தும் 'போகிறது, வருகிறது, ஆடுகிறது, பாடுகிறது' என்று முடிந்தன. எல்லாம் ஒத்துத்தான் போகிறது, ஆனால் பாட்டாக இல்லையே. ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் வாரம்தான் மனது கஷ்டமாகிவிட்டது. வீட்டில் எழுதி வாருங்கள் என்றேன். நல்லா எழுதக்கூடிய ஒரு பெண் பிள்ளை, 'இலையுதிர்காலத்தின் கடைசி இலையாய் என் இதயம்' என்று தொடங்கி இருபது வரி கொண்டுவந்தாள். அக்காவின் கைப்பேசியில் ஏதோ செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வாங்கியது. "இலையுதிர்காலம்னா என்னம்மா?" என்றேன். "தெரியல டீச்சர். ஆனா அழகா இருக்குல்ல?" என்றாள். பினாங்கில் நமக்கு இருப்பது வெயில், மழை, இரண்டும் சேர்ந்த நாள். அவள் அம்மா தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறவர். அந்தப் பிள்ளையிடம் சொல்வதற்கு நிறைய இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒன்றுகூட அந்த இருபது வரியில் இல்லை.

திட்டவில்லை. திட்டினால் அப்புறம் எழுதவே மாட்டாள்.

இணையத்தில் கவிதைப் பாடம் என்று தேடினால் முக்கால்வாசி ஆங்கிலத்துக்குச் செய்தது. தமிழில் தேடினால் காதலர் தின வாழ்த்து வருகிறது. பத்து பதினொரு வயசுப் பிள்ளைக்குப் பயன்படுகிற மாதிரி எந்தத் தளத்தை எடுப்பது, எப்படி எடுப்பது? செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். 'கற்பனையைத் தூண்டுங்கள்' என்பது மாதிரி பொதுவாக மட்டும் வேண்டாம், அதைப் பயிலரங்குகளில் நிறையக் கேட்டாகிவிட்டது.

பட்டர்வொர்த் தம்பி:

டீச்சர், அவசரமாகப் பஸ்ஸிலிருந்து தட்டுகிறேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் யாப்புப் பாடங்கள் இருக்கின்றன, இலவசம். பழைய நூல்களின் மூலம் வேண்டுமென்றால் மதுரைத் திட்டம், 1998-இலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றி வருகிறார்கள். சொல்லுக்குப் பொருள் பார்க்க விக்சனரி. கொஞ்சம் ஆழமாகப் போக வேண்டுமென்றால் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தேடும் வசதியோடு கிடைக்கிறது. அப்புறம் 'அவலோகிதம்' என்று ஒன்று. ஒரு செய்யுளை ஒட்டினால் அசை, சீர், தளை பிரித்து என்ன பா என்று சொல்லிவிடும். படிவம் 5-இல் தமிழ் இலக்கியம் எடுத்தபோது என்னைக் காப்பாற்றியது அதுதான்.

நிபோங் திபால் வாத்தியார் (பணி ஓய்வு):

டீச்சருக்கு வணக்கம். தம்பி சொன்ன தளங்கள் எல்லாம் நல்லவை. ஆனால் அவற்றில் பாதி உங்களுக்கு, பிள்ளைகளுக்கு அல்ல. ஆண்டு 5 பிள்ளையிடம் போய்க் கனிச்சீர், காய்ச்சீர் என்றால் ஓடிவிடும்.

முதலில் உங்கள் தோசைப் பிரச்சினை. ஆங்கிலத்தில் வரியின் கடைசிச் சொல் ஒத்து வருவது அருமை, அதனால் காது அங்கே போய் நிற்கும். மலாய்க்காரர்களின் நாலுவரிப் பாட்டான பாந்துனிலும் அப்படியே. தமிழில் வரிக் கடைசியில் பெரும்பாலும் வினைமுற்றுதான் வந்து உட்காரும். வந்தான், போனான், சிரித்தான், அழுதான், எல்லாமே 'ஆன்'தான். கஷ்டப்படாமலே ஒத்துவிடும். சும்மா கிடைப்பதில் என்ன சுவை? நமக்கு இயைபு என்று அதற்கும் பெயர் உண்டு, ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் தமிழ்ப் பாட்டின் காது வரியின் தலையில் இருக்கிறது. முதல் எழுத்து ஒத்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்தால் எதுகை.

பிள்ளைகளுக்கு ஏற்கெனவே மனப்பாடமான குறளையே எடுங்கள். 'அகர முதல எழுத்தெல்லாம் ஆதி, பகவன் முதற்றே உலகு.' அகர, பகவன். இரண்டாம் எழுத்து 'க'. முதல் வரிக்குள்ளேயே அகர, ஆதி என்று மோனை. எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். பலகையில் இரண்டு 'க'வுக்கும் சிவப்பு வட்டம் போடுங்கள், போதும். 'எதுகை' என்ற சொல்லைக்கூட அன்றைக்குச் சொல்ல வேண்டாம்.

அப்புறம் சொல் வேட்டை. சட்டை, முட்டை, மொட்டை, குட்டை. இன்னொரு பக்கம் கோட்டை, வேட்டை, சாட்டை. இரண்டையும் கலக்கக்கூடாது, ஏனென்றால் முதல் எழுத்தும் குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என்று அளவு ஒத்திருக்க வேண்டும். விதியாகச் சொன்னால் தலை சுற்றும். வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். 'சட்டை, கோட்டை' என்றால் காதே இடறும். என் கடைசி வருட வகுப்பில் பினாங்குப் பாலத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது ஒரு பையன் எழுதியது:

பாலம் தாண்டி பஸ் போகும்
காலம் தாண்டி அப்பா வருவார்

அவன் அப்பா தீவுப் பக்கம் வேலை. நெரிசலில் மாட்டி இரவு ஒன்பதுக்கு வருவார். பாலம், காலம். பையன் எதுகை என்று நினைத்து எழுதவில்லை, காது எழுதியது. 1985-இல் அந்தப் பாலம் திறந்ததிலிருந்து எத்தனையோ பேர் பாராட்டிப் பாடினார்கள், காத்திருக்கிற பிள்ளையைப் பற்றி நான் கேட்டது இவனிடம்தான்.

அடுத்து, 'ம்' விவகாரம். சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். மெய்யெழுத்தில் சொல் தொடங்காத மொழியில் அந்த விளையாட்டுக்குச் சொல்லைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'கவிதை' எடுங்கள். க, வி, தை, மூன்றும் மொழிக்கு முதலில் வரும். கதை, மாமி, மீசை, ஏன் உங்கள் தோசைகூட ஆகும். ஆனால் அது எதற்கு? எழுத்து வரிசையில் பாட்டுக் கட்டுவது நமக்குப் புதிதா? ஆத்திசூடி என்ன? 'அறம் செய விரும்பு, ஆறுவது சினம்' என்று உயிரெழுத்து வரிசையில் ஒளவை வைத்த படிக்கட்டுதானே? பாரதி அதே படிக்கட்டில் ஏறி 'அச்சம் தவிர்' என்று புதிய ஆத்திசூடி எழுதினார். இரண்டையும் மதுரைத் திட்டத்திலிருந்து இறக்கி அருகருகே திரையில் காட்டுங்கள். பிறகு, 'இது பிறை ஆத்திசூடி, நீங்கள் எழுதுங்கள்' என்று விட்டுவிடுங்கள். ஒருவருக்கு ஓர் எழுத்து. இரண்டு சொல், மிஞ்சினால் நான்கு. எழுதவே வராது என்கிற பிள்ளையும் இரண்டு சொல் எழுதும்.

மூன்றாவது அந்தாதி. ஒருவர் முடித்த சொல்லில் அடுத்தவர் தொடங்க வேண்டும். பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழு வைத்திருப்பீர்களே, அதில் ஓடவிடுங்கள். இரவு எட்டு மணிக்கு ஒரு வரி போட்டால் ஒன்பதுக்குள் சங்கிலி ஓடும். கடைசி வரி முதல் வரியின் முதல் சொல்லில் வந்து முடிய வேண்டும், அதை மண்டலித்தல் என்பார்கள். அம்மாக்களும் உள்ளே குதிப்பார்கள், தடுக்காதீர்கள்.

அவலோகிதம் பற்றி ஒரு சொல். நான் தினமும் பயன்படுத்துகிறேன், கண் மங்கிய வயதில் தளை பார்க்க அது பெரிய உதவி. ஆனால் அது 'இது வெண்பா' என்று சொல்லும். 'இது கவிதை' என்று சொல்லாது. தளை தட்டாத வெண்பாவில் ஒன்றுமே இல்லாமல் இருப்பதை நானே நிறைய எழுதிப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று, நேரம் இருந்தால். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் பழைய நாளிதழ்த் தளத்தில் தமிழ் முரசின் பழைய பக்கங்கள் இருக்கின்றன. 1950களில் அதில் மாணவர் மணிமன்றம் என்று பிள்ளைகளுக்கான பகுதி வந்தது. அன்றைய மலாயாவிலிருந்தும் எழுதினார்கள். ஒரு பக்கத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டுங்கள். அச்சில் பெயர் வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று பிள்ளைகளுக்கு அப்போது புரியும். இதழ் போடப் போகிறீர்கள் அல்லவா?

செந்தூல் அம்மா (கோலாலம்பூர்):

வணக்கம் டீச்சர். நான் ஆசிரியர் இல்லை, ஒரு சாதாரண அம்மா. ஆனால் வாத்தியார் ஐயா பாந்துன் என்றதும் எழுதத் தோன்றியது.

என் மகன் இப்போது இடைநிலைப்பள்ளி. தமிழ் வகுப்பு வாரத்தில் கொஞ்ச நேரம்தான். தமிழ்க் கவிதை என்றால் "கஷ்டம்மா, வேணாம்மா" என்பான். ஆனால் மலாய்ப் பாடத்துக்குப் பாந்துன் எழுதச் சொன்னால் சோறு சாப்பிட்டுக்கொண்டே நான்கு வரி சொல்லிவிடுவான். நான் யோசித்தேன், அதே பையன், அதே மூளை, எப்படி அங்கே வருகிறது, இங்கே வரவில்லை?

அவனையே கேட்டேன். "பாந்துன்ல முதல் ரெண்டு வரி சும்மா எதையாவது பார்த்ததைச் சொல்லலாம்மா. அடுத்த ரெண்டு வரிலதான் சொல்ல வந்ததைச் சொல்லணும்" என்றான். முதல் இரண்டுக்குப் பெம்பாயாங், நிழல் மாதிரி. அடுத்த இரண்டுக்கு மக்சுட், கருத்து. நமக்கும் பள்ளியில் சொல்லிக் கொடுத்ததுதானே:

பீசாங் எமாஸ் டிபாவா பெலாயார்,
மாசாக் செபீஜி டி அத்தாஸ் பெத்தி;
ஹூத்தாங் எமாஸ் போலே டிபாயார்,
ஹூத்தாங் பூடி டிபாவா மாத்தி.

பொன்வாழைப் பழத்தைக் கப்பலில் கொண்டு போனார்கள், பெட்டிமேல் ஒன்று பழுத்தது. பொன் கடனை அடைத்துவிடலாம், நன்றிக் கடன் சாகும்வரை கூட வரும். இதைப் படித்ததும் எனக்கு 'எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம்' குறள்தான் ஞாபகம் வந்தது. மகனிடம் சொன்னேன், "வாழைப்பழம் இல்லாமலே வள்ளுவர் சொல்லிட்டார்" என்று. "அதான்மா போர்" என்றான். என்ன சொல்ல?

சரி, நீ தமிழில் பாந்துன் போடு என்றேன். வலையொளியில் (யூடியூப்) பாந்துன் சொல்லும் காணொளிகள் நிறைய இருக்கின்றன, ஆளுக்கு ஆள் பதிலடி கொடுப்பார்கள். இரண்டைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். போன வருடம் நாங்கள் வீடு மாறிய நேரம், பள்ளியும் மாறியது. அவன் எழுதியது இது:

கயிற்றில் கட்டிய படகு ஆடுது
வயிற்றில் ஏதோ எனக்கும் ஆடுது
நாளை எனக்குப் புதிய பள்ளி
தாளை எடுத்தேன், எழுத வரல

வீடு மாறப் பயமாக இருக்கிறது என்று அவன் வாயைத் திறந்து என்னிடம் சொன்னதே இல்லை. நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஐயா எதுகை என்று சொன்னதை இப்போதுதான் வைத்துப் பார்க்கிறேன், கயிறு வயிறு, நாளை தாளை. அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உங்கள் பிள்ளைகளுக்குப் பாந்துன் தெரியும் டீச்சர். அங்கேயிருந்து தொடங்கலாமே. 2020-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததாக எல்லாம் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள், நம் வீட்டுச் சொத்து மாதிரியே எடுத்துக்கொள்ளட்டும்.

நிபோங் திபால் வாத்தியார் (பணி ஓய்வு):

அம்மா, உங்கள் மகனுக்கு என் வாழ்த்து. நீங்கள் சொன்ன குறளில் ஒரு வேடிக்கை உண்டு. 'எந்நன்றி, செய்ந்நன்றி.' இரண்டாவதில் 'ய்' குறுக்கே வந்து நிற்கிறது, ஆனாலும் எதுகையாக ஏற்பார்கள். ஆசிடை எதுகை என்று பெயர். வள்ளுவரே 'ய்' ஒன்றை நுழைத்துக்கொண்டார் என்று சொல்லுங்கள், பையனுக்குக் கொஞ்சம் பிடிக்கும்.

இலக்கிய மாணவி (கோலாலம்பூர்):

டீச்சர், இரண்டு விஷயம்.

ஒன்று, தயவுசெய்து ஹைக்கூவை 5-7-5 என்று எண்ண வைக்காதீர்கள். ஆங்கிலத் தளங்கள் எல்லாம் அதைத்தான் சொல்லும். அது ஜப்பானிய மொழியின் ஓசைக் கணக்கு. தமிழில் எண்ணினால் பிள்ளைகள் விரலை மடக்கிக்கொண்டிருப்பார்களே தவிர எதையும் பார்க்க மாட்டார்கள். பாரதி 1916-லேயே ஜப்பானியக் கவிதையைப் பற்றிச் சுதேசமித்திரனில் எழுதினார், சொற்சுருக்கத்தைத்தான் வியந்தார். மூன்று வரி, மூன்றாவதில் ஒரு திருப்பம், அது போதும். டியூஷனில் என்னிடம் வரும் ஒரு பெண், விடுமுறையில் பினாங்கு போய்விட்டு வந்து எழுதியது:

ஃபெர்ரி நகர்கிறது
கையசைக்கிறாள் பாட்டி
வேறு யாருக்கோ

இரண்டு, செயற்கை நுண்ணறிவு. தடை போட்டால் வீட்டில் செய்வார்கள். நான் அதை வகுப்பிலேயே, எல்லார் முன்னாலும் திறந்துவிடுவேன். 'அம்மாவைப் பற்றி ஒரு கவிதை' என்று கேட்டு, வந்ததைத் திரையில் போட்டு, ஆளுக்கு ஒரு முறை வந்து, 'இதை நான் கண்ணால் பார்த்ததில்லை' என்கிற வரியை அடிக்கச் சொல்வேன். தென்றல், பனித்துளி, இலையுதிர்காலம் எல்லாம் போகும். போன தடவை மிஞ்சியது ஒரே ஒரு சொல், 'அம்மா'. "இப்ப இதுக்குக் கீழே நீங்க எழுதுங்க" என்றேன். ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை.

வாத்தியார் ஐயா கோபித்துக்கொள்ளக்கூடாது, எதுகை மோனை இல்லாமலும் கவிதை வரும். புதுக்கவிதை வந்து எவ்வளவு காலமாகிவிட்டது. பிள்ளைகளை ஏன் மறுபடி கட்ட வேண்டும்?

நிபோங் திபால் வாத்தியார் (பணி ஓய்வு):

கோபம் இல்லையம்மா. கட்டை அவிழ்க்கலாம், ஆனால் முதலில் கட்டு என்று ஒன்று இருந்ததைக் கை அறிந்திருக்க வேண்டும். பத்து வயதில் காது திறக்கட்டும். இருபதில் உங்களைப் போல வந்து என்னோடு சண்டை போடட்டும்.

பிறை டீச்சர் (பினாங்கு):

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுத நான்கு வாரம் ஆகிவிட்டது. மதிப்பீடு, விளையாட்டுப் போட்டி, நடுவில் கணினி அறைக் குளிர்சாதனம் வேறு கெட்டுப்போனது.

ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். முதல் இருபது நிமிடம் திரை அணைந்திருக்கும். பேப்பர், பென்சில். அப்புறம்தான் கணினி. எட்டுக் கணினிக்கு இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்தும் ஒருவர் மிச்சம். அந்த வாரம் மிஞ்சுகிறவர் என் மேசையில் உட்கார்ந்து மற்றவர்கள் வரியைச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். முதலில் அதைத் தண்டனை என்று நினைத்தார்கள். இப்போது சண்டை போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

ஆத்திசூடி ஒரே நாளில் முடிந்தது ஐயா. 'ஊதல் கேட்டால் ஓடு' என்று ஃபெர்ரிக்கு ஒன்று. 'எறும்புக்கும் வழிவிடு.' 'ஐ' யாருக்கும் வேண்டாம் என்று கடைசிவரை கிடந்தது. வகுப்பில் ஒரு நிமிடம் நாற்காலியில் உட்காராத பையன் ஒருவன் உண்டு, 'ம்ம்ம் இன்னிக்கு என்ன சமையல்' ஆள்தான், அவன் எடுத்துக்கொண்டு போய் எழுதியது: 'ஐந்து நிமிடம் சும்மா இரு.' நான் எத்தனை தடவை அவனிடம் சொன்ன வாக்கியம் அது! இப்போது வகுப்பு முழுக்க எனக்கே திருப்பிச் சொல்கிறது.

புலனத்தில் அந்தாதியும் ஓடியது. ஒரு துண்டு மட்டும்:

கூரையில் சொட்டுது மழை
மழையைப் பிடிக்க ஒரு வாளி
வாளிக்குள்ளே பக்கத்து வீட்டுப் பூனை
பூனைக்குப் பேர் வைத்தாள் தங்கச்சி
தங்கச்சி தூங்கினதும் சத்தம் போடும் கூரை

இதில் நான்காவது வரி ஓர் அப்பா போட்டது. லாரி ஓட்டுகிறவர், ஈப்போவுக்குப் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் போட்டாராம். பள்ளிக் கூட்டத்துக்கு ஒரு நாளும் வராத மனிதர்.

சொதப்பியதும் உண்டு. தட்டச்சு வராத பிள்ளைகளுக்காகக் கைப்பேசியில் குரல் தட்டச்சைத் திறந்து என் கைப்பேசியையே கொடுத்தேன். 'பாசார் மாலாம்' (இரவுச் சந்தை) என்று சொன்னால் 'பாசாங்கு மாலை' என்று எழுதியது. வரி எங்கே முடிகிறது என்பதும் அதற்குத் தெரியாது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டியது. ஆனால் அதில் ஒரு நன்மை. கொட்டிக் கிடந்ததை எங்கே உடைப்பது என்று பிள்ளைகள் அரை மணி நேரம் வாதாடினார்கள். வரி என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கே புரிந்தது. பேரகராதி சரிப்படவில்லை, எழுத்து நெருக்கத்தைப் பார்த்தே மிரண்டுவிட்டார்கள், அதை எனக்கென்று வைத்துக்கொண்டேன். பாந்துன் அடுத்த மாதம்.

திரையில் போட்டு அடிக்கும் வேலையையும் செய்தோம், மாணவித் தங்கை. அந்த இலையுதிர்காலப் பெண் எழுந்து வந்து அந்த வரியைத் தானே அடித்தாள், யாரும் சொல்லவில்லை. நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பேனா மூடியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். மறுவாரம் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு ஓடிப்போனாள். அப்படியே தருகிறேன், எழுத்து மாற்றாமல்:

விடியும் நேரம் பஸ் நிற்கும்
முடியில் மழையோடு அம்மா வருவாங்க
சாப்பிட்டியா என்று கேட்க போவாங்க
அதுக்குள்ள நான் கேட்டுருவேன்

இதழில் முதல் பக்கத்தில் இதுதான். ஆனால் பள்ளியில் ஒரு பேச்சு வந்துவிட்டது. 'வருவாங்க' என்பது பேச்சு வழக்கு, இதழில் 'வருவார்' என்றுதான் வர வேண்டும், பெற்றோர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்கிறார்கள். 'அம்மா வருவார்' என்று மாற்றிப் படித்துப் பார்த்தேன். யாரோ அதிகாரி வருகிற மாதிரி இருக்கிறது. ஐயா, நீங்கள் இலக்கணத்தில் கறார், அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

இலக்கிய மாணவி (கோலாலம்பூர்):

மாற்றவே மாற்றாதீர்கள்!!

நிபோங் திபால் வாத்தியார் (பணி ஓய்வு):

நேற்று இரவே படித்துவிட்டேன், உடனே பதில் எழுத வரவில்லை. நானும் 'வருவார்' என்று போட்டுப் பார்த்தேன் டீச்சர், 'வருவாள்' என்றும் போட்டுப் பார்த்தேன். 'வருவாங்க' இருக்கட்டும். 'கேட்டுருவேன்' கண்டிப்பாக இருக்கட்டும். மூன்றாம் வரியில் மட்டும் 'கேட்கப் போவாங்க', ஒரு 'ப்' விட்டுப்போயிருக்கிறது. அதைப் போட்டு அச்சுக்கு அனுப்புங்கள். எனக்கு ஒரு பிரதி வேண்டும், தபால் செலவு நான் தருகிறேன்.